கயிற்றைப் பின்னால் பிடித்தவர்

"அப்பா, எங்க பக்கம் அம்மாவும் நானும் மட்டும்தானா?"

கயிறு இழுக்கும் விளையாட்டின் நடுவே ஒரு சின்னப் பெண் இப்படிக் கேட்டாள். கேட்ட நேரத்தில் அவளுடைய அம்மாவும் மாமாவும் சிரித்தார்கள். பிறகு அந்த வீட்டில் ஒருவரும் அதை நினைத்துச் சிரித்ததில்லை.

இதை நான் சொன்னது ஒரு கடற்கரைக் கூடாரத்துக்குள். இரண்டு குடும்பம் சேர்ந்து போயிருந்தோம். வெளியே நல்ல காற்று. கூடாரத் துணி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் தூங்கியாயிற்று. பெரியவர்கள் நாங்கள் மட்டும் முழங்காலைக் கட்டிக்கொண்டு, தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தோம். பக்கத்து வீட்டுப் பெயிண்டர் மறுநாள் பிள்ளைகளுக்கு என்னென்ன விளையாட்டு என்று திட்டம் போட்டுக்கொண்டிருந்தார். மணல் வீடு, பட்டம், சிப்பி பொறுக்குவது... கடைசியாகக் கயிறு இழுக்கும் போட்டி.

"அது மட்டும் வேண்டாம்" என்றேன்.

"ஏன், இடுப்பு பிடிச்சுக்கும்னு பயமா?" என்றார் பெயிண்டர்.

"கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க."

என் கொழுந்தியா அதற்குள் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள். "ஆரம்பிச்சுட்டாரு. அத்தான், பேய் வர்ற இடத்துக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நான் காதைப் பொத்திக்கணும்."

டார்ச்சை அணைத்தேன். சொன்னேன்.

என்னோடு பேக்கரியில் வேலை செய்யும் சிநேகிதன் ஒருவன். அவனுடைய அக்கா குடும்பத்துக்கு நடந்தது இது. அவனும் கூட இருந்தான்.

விடிந்தும் விடியாத நேரம். இரண்டு பக்கமும் வெறும் மணல்மேடு. நடுவில் ஒற்றைச் சாலை. எதிரே வண்டி இல்லை. பின்னாலும் இல்லை. சன்னலைத் திறந்தால் உப்பு வாடை... அவ்வளவுதான்.

காரை ஓட்டியவர் அக்காவின் கணவர். லிஃப்ட் மெக்கானிக். பக்கத்தில் அக்கா. பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் துணி வெட்டுகிற வேலை அவளுக்கு. பின்னால் என் சிநேகிதன். அவன் மடியில் காலைப் போட்டுத் தூங்கும் அவர்கள் மகள். ஆள் சிறிதாக இருந்ததால் வீட்டில் அவளுக்குச் சுண்டு என்று பெயர்.

மெக்கானிக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தங்கமான மனிதர். கடவுளை நினைக்காமல் ஸ்பானரைக் கையில் எடுக்க மாட்டார். ஆனால் சந்தேகப் பிராணி. பூட்டிய பூட்டைத் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பார். அணைத்த அடுப்பைத் தொட்டுப் பார்ப்பார். அவர் வேலை அப்படி. ஒரு போல்ட் சரியாக இறுகவில்லை என்றால் யாரோ ஒருவர் வீடு திரும்ப மாட்டார்.

அந்த வேலையில் அவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மோட்டாரைக் கயிற்றில் கட்டி இறக்கும்போது இருட்டில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. அதனால் பாரத்தைக் கைமாற்றுகிறவர் "பிடிச்சியா?" என்று கேட்பார். அடுத்தவர் "பிடிச்சேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். அந்தக் குரல் வராமல் இவர் கையைத் தளர்த்த மாட்டார். தோல் உரிந்தாலும் மாட்டார். இந்தப் பழக்கம் மெல்ல வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. சூடான பாத்திரத்தை நீட்டினாலும் "பிடிச்சியா?" குழந்தையைக் கைமாற்றினாலும் "பிடிச்சியா?"

"எங்க அத்தான்கிட்ட உப்பு டப்பா கேட்டாக்கூடக் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்கணும்" என்பான் என் சிநேகிதன்.

கடற்கரையில் அன்றைக்கு வேறு யாருமில்லை. பின்னால் மணல்மேடு, மேட்டின் மேல் கொஞ்சம் மரங்கள். முன்னால் கடல். ஒரு பக்கமாகத் தண்ணீருக்குள் மேசை மாதிரி தட்டையாக ஒரு பெரிய பாறை. கரைக்கும் பாறைக்கும் நடுவே கணுக்கால் நனைகிற அளவுக்குத் தண்ணீர். மேட்டடியில் நிழல் பார்த்துக் கூடாரம் போட்டார்கள்.

முதலில் மணல் வீடு. சுண்டுவும் அம்மாவும் கட்டினார்கள். சுவர் பாதி எழும்பியபோது பசி. எழுந்து போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் சுவர் முழுதாக நிற்கிறது. சுற்றிலும் சின்னச் சின்னச் சிப்பிகள், வரிசையாக.

"யாருப்பா இந்தக் கொத்தனார் வேலை பார்த்தது?" என்று மெக்கானிக் தன் மச்சானைப் பார்த்தார்.

"நான் உங்க முன்னாடிதானே அத்தான் ரொட்டி தின்னுக்கிட்டிருந்தேன்?"

"திங்கற வேகத்துல இது வேற பண்ணியிருப்பே."

அப்படிப் போய்விட்டது அது.

அடுத்து, மாமாவை மணலில் புதைக்கும் விளையாட்டு. என் சிநேகிதனைப் படுக்க வைத்துக் கழுத்து வரை மணலைப் போட்டு மூடினார்கள். சுண்டு குதித்துக் குதித்துத் தட்டினாள். எல்லாம் முடிந்து மூன்று பேரும் அவன் தலைமாட்டில் நின்று கைதட்டிச் சிரிக்கிறார்கள். இவனும் சிரிக்கிறான்.

சிரித்தவன் நிறுத்தினான்.

"யாரது... உள்ளங்காலைச் சுரண்டறது?"

மூன்று பேரும் அவன் தலைமாட்டில்தான் நிற்கிறார்கள்.

"நண்டா இருக்கும்" என்றாள் அக்கா.

நண்டு என்றால் கொடுக்கு குத்தும். இது விரல் என்று அவன் இன்றைக்கும் சொல்கிறான். மணலுக்குள் விரலை விட்டு, மெதுவாக... சிரிக்க வைக்கிற மாதிரி. எழுந்து உதறிக்கொண்டபோது காலருகே ஒரு வாடை. ஈரத்துணியைச் சுருட்டி நாள் கணக்கில் பைக்குள் வைத்தால் வருமே, அந்த வாடை.

"அத்தான், இப்ப காதைப் பொத்தணுமா?" என்றாள் கொழுந்தியா.

"இன்னும் இல்லை."

வெயில் கொஞ்சம் சாய்ந்ததும் கயிறு இழுத்தார்கள். மெக்கானிக்கின் வேலைக் கயிறு அது, நல்ல தடிமன். ஆண்கள் இருவரும் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். அக்காவும் சுண்டுவும் மேட்டுக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். குழந்தைக்காகத் தோற்றுவிடுவது என்று ஆண்கள் கண்ணாலேயே பேசி வைத்திருந்தார்கள்.

தோற்க வேண்டிய அவசியமே வரவில்லை. இழுத்த இழுப்பில் இருவர் காலும் மணலை உழுதுகொண்டு போயிற்று.

"மச்சான், இழுடா! வெண்ணெய் வெட்டறியா?"

"இழுக்கிறேன் அத்தான்! அக்கா என்ன தின்னா இன்னைக்கு?"

மெக்கானிக் உண்மையாகவே இழுத்துப் பார்த்தார். கயிற்றில் என்ன எடை தொங்குகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற கை அது. அந்தக் கைக்கு வந்தது ஒரு பெண்ணும் ஒரு குழந்தையும் இழுக்கிற எடை இல்லை.

அப்போதுதான் சுண்டு பின்னால் ஒருமுறை பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அப்பா, எங்க பக்கம் அம்மாவும் நானும் மட்டும்தானா?"

சிரித்தார்கள் என்றேன் அல்லவா? மெக்கானிக் சிரிக்கவில்லை. அவர் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தையின் கையைத் தாண்டிப் பின்னால் மீதிக் கயிறு கொஞ்சம் இருந்தது. அது மணலில் கிடக்க வேண்டும்.

கிடக்கவில்லை. நேராக, விறைப்பாக, மேட்டுப் பக்கமாக நீண்டு நின்றது... அந்தரத்தில்.

சட்டென்று கையை விட்டார். அக்காவும் சுண்டுவும் பொத்தென்று விழுந்தார்கள். பின்னால் இருந்த கயிறும் விழுந்தது. கொஞ்சம் தாமதமாக.

பெயிண்டர் என் பக்கம் இன்னும் நெருங்கி உட்கார்ந்தார். "காத்து ஜாஸ்தியா இருக்கு" என்றார்.

மெக்கானிக் மகளைத் தனியே அழைத்துப்போய்க் கேட்டார். "பின்னாடி யாராச்சும் இருந்தாங்களா கண்ணு?"

"யாரும் தெரியலப்பா. மூச்சு மட்டும் கேட்டுச்சு."

"பயமா இருந்துச்சா?"

"இல்ல. ஜெயிச்சோமே."

மேட்டில் ஏறி மரம் மரமாகத் தேடினார். ஆளுமில்லை, அடையாளமுமில்லை. அந்த ஈரத்துணி வாடை மட்டும் ஓரிடத்தில் கெட்டியாக நின்றது. யாரோ பார்க்கிறார்கள். குழந்தையைத்தான் பார்க்கிறார்கள். மனிதனோ வேறெதுவோ, நல்ல எண்ணமாக இருக்காது. அவர் புத்தி அங்கேயே போய் நின்றுகொண்டது.

வீட்டுக்குக் கிளம்பலாம் என்று சொல்லலாம். காரணம் கேட்பார்களே? மச்சான் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பானே? அதனால் வேறொன்று சொன்னார்.

"கூடாரத்தைப் பாறைக்கு மாத்திடலாம்."

"அங்க எதுக்கு? இங்க நிழலா இருக்குல்ல?" என்றாள் அக்கா.

"அங்கேருந்தா நாலு பக்கமும் தெரியும். நண்டு பாக்கலாம், தூண்டில் போடலாம். சுண்டுவுக்குப் பொழுது போகும்."

"காலையில முளை அடிக்கிறதுக்கே என் உயிர் போச்சு" என்று மச்சான் முனகினான். ஆனாலும் தூக்கினான்.

கணுக்கால் தண்ணீரில் நடந்து சாமான்களைப் பாறைக்கு மாற்றினார்கள். போகிற வழியில் சுண்டு திரும்பி மேட்டைப் பார்த்து டாட்டா காட்டினாள். அவளுடைய அப்பா அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

சாயங்காலம் நன்றாகத்தான் போயிற்று. பாறைக் குழிகளில் தண்ணீர் தேங்கியிருந்தது. அதில் சின்ன நண்டுகள், கண்ணாடி மாதிரி மீன் குஞ்சுகள். மச்சானின் தூண்டிலில் ஒரு பழைய செருப்பு சிக்கியது. அதற்கு அக்கா, "ஜோடியையும் பிடிச்சுடு, எனக்கு அளவு சரியா இருக்கும்" என்றாள். சோளம் சுட்டுத் தின்றார்கள். மெக்கானிக் மட்டும் கரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். மேட்டிலிருந்து யாராவது இறங்குகிறார்களா? யாராவது வருகிறார்களா?

எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட மனிதர் கடலைச் சந்தேகப்படவில்லை.

இருட்டத் தொடங்கியபோது கூடாரத்தின் மேல் சாரல் விழுந்தது. மழை என்று நினைத்தார்கள். மழை இல்லை... அலை. எழுந்து பார்த்தால் கரைக்கும் பாறைக்கும் நடுவே கணுக்கால் தண்ணீர் இல்லை. கறுப்பாக, சளசளவென்று, ஆறு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. பாறையின் ஓரங்கள் ஏற்கெனவே உள்ளே போய்விட்டன.

போனில் சிக்னல் இல்லை. காத்திருக்க நேரமும் இல்லை.

மெக்கானிக் கயிற்றின் ஒரு முனையை மச்சானிடம் கொடுத்து, மறுமுனைப் பக்கத்தை இடுப்பில் சுற்றிக்கொண்டு இறங்கினார். மார்பு வரை தண்ணீர். எப்படியோ கரையேறி, இடுப்புச் சுற்றை அவிழ்த்துக் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டார். அடுத்து அக்கா, கயிற்றைப் பிடித்துக்கொண்டே வந்தாள். கல்லில் கால் கிழிந்தது. ஆனாலும் கரையேறாமல் இடுப்பளவுத் தண்ணீரிலேயே டார்ச்சோடு நின்றுகொண்டாள். வருகிறவர்களை வாங்கிக்கொள்ள வேண்டுமே.

கடைசியாக என் சிநேகிதன். முதுகில் சுண்டு. இருவரையும் சேர்த்துக் கயிற்றால் கட்டியிருந்தது. பாதி தூரம் வந்துவிட்டான்.

ஓர் அலை.

டார்ச் வெளிச்சத்தில் இருவருமே இல்லை.

கயிறு சர்ரென்று ஓடியது. மெக்கானிக்கின் உள்ளங்கைத் தோலோடு ஓடியது. இறுக்கிப் பிடித்தார். பாரம் அவரையே இழுத்தது. குதிகால் மணலில் ஊன்றவில்லை. வழுக்கி வழுக்கி... தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. அக்கா முன்னால் நின்று மகளைப் பெயர் சொல்லிக் கத்துகிறாள். கையில் இரத்தம். கயிறு சோப்பு மாதிரி நழுவுகிறது. இன்னும் ஓர் இழுப்பு வந்தால் கை விட்டுப் போகும்.

அந்த நேரத்தில் அவர் கடவுளைக் கூப்பிடவில்லை. பிறகு அதற்காக வருத்தப்பட்டார். வாயில் வந்தது வேலைப் பழக்கம்தான். திரும்பிக்கூடப் பார்க்காமல் கத்தினார்.

"பிடிச்சியா?"

அவருக்குப் பின்னால் யாருமே இல்லை.

பின்னாலிருந்து குரல் வந்தது.

"பிடிச்சேன்."

கொழுந்தியா காதைப் பொத்தவில்லை. மறந்துவிட்டாள்.

என்ன குரல் என்று அவரால் சொல்ல முடியவில்லை. ஆணா, பெண்ணா, என்ன வயது, ஒன்றும் தெரியவில்லை. நிறையத் தண்ணீர் குடித்தவர் பேசினால் எப்படிக் கரகரவென்று இருக்கும், அப்படி. ஆனால் கையில் இருந்த பாரம் பாதியானது. அது நிச்சயம். வழுக்கிய கால் நின்றது. ஓர் அடி பின்னால் வைத்தார். கயிறு கிர்ர்ர் என்று முனகியது. இன்னோர் அடி. அவர் பின்வாங்கும்போதெல்லாம் பின்னால் இருந்ததும் அதே தாளத்தில் பின்வாங்கியது. பழகின ஆளோடு வேலை செய்கிற மாதிரி இருந்தது என்றார்.

அலைக்குள்ளிருந்து மச்சானின் தலை வந்தது. பிறகு சுண்டுவின் கை. அக்கா பாய்ந்து இருவரையும் அள்ளினாள். குழந்தை இருமினாள். தண்ணீரைக் கக்கினாள். அழுதாள். அந்த அழுகையைப் போல ஒரு நல்ல சத்தத்தை என் சிநேகிதன் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லையாம்.

மெக்கானிக் அப்போதுதான் திரும்பிப் பார்த்தார்.

அவர் கைக்குப் பின்னால் கயிறு விறைப்பாக நின்றது. இடுப்பு உயரத்தில். மணலைத் தாண்டி, மேட்டைப் பார்த்து, இருட்டுக்குள். அந்த ஈரத்துணி வாடை மூக்குக்குப் பக்கத்திலேயே இருந்தது.

வாயைத் திறக்கவில்லை அவர். இடுப்பில் செருகியிருந்த தூண்டில் கத்தியை எடுத்துத் தன் கைக்கு முன்னால் கயிற்றை அறுத்தார். மகளைத் தூக்கினார். மேட்டுப் பக்கமே போகாமல் சுற்றி ஓடினார். கூடாரம், பாத்திரம், எல்லாம் பாறையோடு போயிற்று. காரில் ஏறும்போது என் சிநேகிதன் டார்ச்சைத் திருப்பி ஒருமுறை கரையைப் பார்த்தான். பார்த்திருக்க வேண்டாம்.

அறுந்த முனை கீழே விழவில்லை. யாரும் பிடிக்காமல் அப்படியே நின்றது.

அந்த ஒற்றைச் சாலையில் மெக்கானிக் காரை விரட்டினார். சுண்டு அம்மா மடியில் அரைத் தூக்கத்தில், "நன்றி சொன்னீங்களாப்பா?" என்றாள். மெக்கானிக் கியரை மாற்றினார்.

"அவ்வளவுதானா?" என்றார் பெயிண்டர். குரல் இறங்கியிருந்தது.

அவ்வளவுதான் என்றால் நான் உங்களுக்கு இதைச் சொல்லியிருக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்தார்கள். சுண்டுவுக்குக் காய்ச்சல் கூட இல்லை. மெக்கானிக்குக்கு இரண்டு கையிலும் கட்டு. வேலைக்குப் போக முடியவில்லை. படுப்பார், எழுவார், பால்கனியில் போய் நிற்பார். முதலில் எல்லாரும் பயம் என்று நினைத்தார்கள். அவரும் அப்படித்தான் நினைத்தார். ஒரு நாள் அவருக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த அக்கா கேட்டாள்.

"இன்னும் அதையே நினைச்சுக்கிட்டிருக்கீங்களா? அது ஏதோ கெட்டதுன்னா நம்ம புள்ளையை ஏன் கொடுத்துட்டுப் போகுது? அதைக் கொஞ்சம் யோசிச்சீங்களா?"

"கெட்டதுன்னு இப்ப யாரு சொன்னா?"

"அப்புறம் என்ன?"

அவர் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் விடச் சொல்லலம்மா."

அவளுக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். பிடித்தவர் தானாகக் கையை எடுக்கக் கூடாது. அதுவும் அவர்கள் வேலையில் ஒரு சட்டம். பாரம் பத்திரமாக இறங்கியாயிற்று என்று பார்த்து, முன்னால் நிற்கிறவர் "விடலாம்" என்று சொல்ல வேண்டும். அந்த வார்த்தை காதில் விழும்வரை பின்னால் இருக்கிறவர் பிடித்துக்கொண்டே நிற்பார். முன்னால் நிற்பவர் மறந்துபோய் டீ குடிக்கப் போய்விட்டால், அதைவிடப் பெரிய பாவம் அந்த வேலையில் இல்லை.

"அவங்களுக்கு உங்க வேலை தெரியுமா என்ன?" என்றாள் அக்கா.

"பிடிச்சேன்னு சொன்னாங்களே."

அக்கா அடுத்த கவளத்தை உருட்டினாள்.

அடுத்து நடந்ததை யாரும் பார்க்கவில்லை. ரொம்ப நாள் கழித்து, அவர் தன் மனைவியிடம் ஒரே ஒரு முறை சொன்னார். அக்கா தன் தம்பியிடம் சொன்னாள். அதனால்தான் நமக்குத் தெரியும். இல்லையென்றால் தெரிந்திருக்காது. தன் நல்ல காரியத்தை நாலு பேரிடம் சொல்லிக்கொள்கிற ஆள் இல்லை அவர்.

கையில் கட்டு அவிழ்த்ததும், வேலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். கார் அந்த ஒற்றைச் சாலையில் போயிற்று. போய்ச் சேரும்போது நடுப்பகல். கண்ணைத் திறக்க முடியாத வெயில். கரையில் ஈ, காக்கை இல்லை. கடல் நன்றாக உள்வாங்கியிருந்தது. அந்தப் பாறை மணலிலேயே உட்கார்ந்திருப்பது போலச் சாதுவாகத் தெரிந்தது.

கயிறு இருந்தது.

அன்றைக்கு விட்டுப்போன மாதிரியே இருந்தது. அறுந்த முனை இடுப்பு உயரத்தில், ஒன்றுமில்லாத இடத்தில். அங்கிருந்து மேடு வரை நேர்கோடு. மணலில் அதன் நிழல் ஒரு கோடு. காற்று படும்போது மெல்ல ஊம்ம்ம் என்று ஒலித்தது. ஒரு நண்டு அந்த நிழலைத் தாண்டிப் போயிற்று.

திரும்பி ஓடியிருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் கிட்டே போனார். அறுந்த முனையைக் கையில் எடுத்தார். இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றினார். ஆறியும் ஆறாத உள்ளங்கையால் இறுக்கிப் பிடித்தார். குதிகாலை மணலில் ஊன்றினார். பாரத்தை முழுக்கத் தன் பக்கம் வாங்கிக்கொண்டார். வாங்காமல் சொல்லக் கூடாது.

"பிடிச்சேன்" என்றார். "குழந்தை நல்லா இருக்கா. நீங்க... விடலாம்."

அலைச் சத்தம் மட்டும்.

பிறகு கயிறு தளர்ந்தது. பட்டென்று விழவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, கைக்குக் கை மாற்றி, முன்னால் இருப்பவர் தடுமாறிவிடக் கூடாதே என்று பார்த்துப் பார்த்து விடுகிற மாதிரி... அப்படித் தளர்ந்து, மணலில் மெதுவாகப் படிந்தது.

அவர் அதைச் சுருட்டிக்கொண்டே மேட்டை நோக்கி நடந்தார். வெயிலில் காய்ந்து கயிறு சுடச்சுட இருந்தது. கடைசி முழம் மட்டும் ஈரம். ஜில்லென்று இருந்தது. அங்கே ஆளில்லை, காலடி இல்லை. கயிற்றின் நுனி மட்டும், யாரோ நழுவாமல் இருக்கத் தன் மணிக்கட்டில் சுற்றிச் சுற்றி இறுக்கியது போல, சுருள் கலையாமல் கிடந்தது.

அவர் குனிந்து அந்தச் சுருளுக்குள் கையை விட்டுப் பார்த்தார்.

கை நுழையவில்லை. இரண்டு விரல்தான் நுழைந்தது.

அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். மணல் வீட்டுச் சுவரைச் சுற்றி வரிசையாக வைத்த சிப்பிகளை அப்போதுதான் நினைத்தாரோ என்னவோ. ரொம்ப நேரம் கழித்து, அந்தச் சுருளை மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டார். பிய்த்து இழுக்கவில்லை. தூங்குகிற குழந்தையின் கையிலிருந்து நூலை எடுக்கிற மாதிரி, ஒவ்வொரு சுற்றாக, வலிக்காமல் பிரித்தார்.